பிஸ்கட் டின்னில் வந்த தொட்டில் சேலை

முடிச்சு அவிழ்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நாற்பது வருடம் மார்தட்டிக்கொண்டு திரிந்தவன் நான். சிராங்கூன் சாலைத் துணிக்கடை ஒன்றில், கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகளுக்குச் சேலை கட்டும் வேலையில் சேர்ந்தேன். அங்கிருந்து கண்காட்சிகளுக்குத் துணி மாட்டும் வேலைக்கு வந்து, அதிலேயே ஓய்வும் பெற்றேன். சிக்கு விழுந்த குஞ்சம், இறுகிப்போன நாடா, கப்பலில் நனைந்து கல்லாகிவிட்ட கட்டுக்கயிறு, எது வந்தாலும் "அங்கிள்கிட்ட குடு" என்பார்கள். என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு மொண்ணையான எலும்பு ஊசி இருக்கும். அதை எடுத்துக்கொண்டு நான் உட்காரும்போது நாலு பேர் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையும் இருக்கும்.

நீங்கள் இப்போது அதே வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். துணியை எப்படித் தொடுவது, எந்த வெளிச்சத்தில் வைப்பது, எங்கே ஊசி குத்தக் கூடாது என்பதையெல்லாம் உங்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்லிவிடுவார்கள். அதில் நான் சேர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை. நான் ஒரு முடிச்சை அவிழ்த்த கதையை மட்டும் சொல்கிறேன். சுத்தமாகத்தான் அவிழ்த்தேன். ஒரு நூல்கூட அறுபடவில்லை.

அந்த ஆண்டு ஊர் முழுக்கத் துணித் திருவிழா. ஒரு மண்டபத்தில் வைத்து நடத்தியிருந்தால் நான் இப்படி அசந்து போயிருக்க மாட்டேன். தீவின் நாலா பக்கமும் துணியாக இருந்தது. சைனாடவுனில் மாரியம்மன் கோவில் இருக்கும் தெருவில், கடை வாசல்களை ஒட்டிய நடைபாதையில், சீனக் கல்யாண வீட்டுப் பட்டு விரிப்புகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். கோவிலுக்கு வந்த பெண்கள் கையில் அர்ச்சனைத் தட்டோடு நின்று அந்தப் பூவேலையைப் பார்த்தார்கள். குவீன்ஸ்டவுனில் ஓர் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் அந்த வட்டாரத்துப் பெரியவர்கள் பழைய சட்டை, பாவாடை, திரைச்சீலை எல்லாவற்றையும் வெட்டி ஒன்றாகத் தைத்து, தூணுக்குத் தூண் ஒரே போர்வையாகக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் துண்டைத் தேடிக் கண்டுபிடித்துத் தொட்டுக் காட்டினார்கள். புக்கிட் மேராவில் சமூக மன்றத்துக்கு வெளியே பாத்திக் துணிக்கு வார்க்கும் மெழுகின் வாசனை அடித்தது.

வேலை நிமித்தமாக எல்லா இடங்களையும் ஒரே நாளில் சுற்றி வந்தேன். ஆண்டுக்கணக்காகத் துணியோடு புழங்கியவன், எனக்குத் தெரியாத துணி இந்த ஊரில் இல்லை என்று நினைத்திருந்தேன். இத்தனையும் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இத்தனை காலமாக மடித்துக் கிடந்ததா என்று நினைத்தபோது எனக்கு வாயடைத்துப் போயிற்று. நான் தினமும் லிஃப்டில் பார்க்கிற மனிதர்கள்தான் இவர்கள் எல்லோரும்.

எங்கள் பொறுப்பில் இருந்தது லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி. அங்கே வீட்டுத் துணிகளை வைப்பதாகத் திட்டம். விலை உயர்ந்தது, அரியது என்று எந்த நிபந்தனையும் கிடையாது. உங்கள் வீட்டில் எந்தத் துணியைத் தூக்கிப்போட மனம் வரவில்லையோ, அதைக் கொண்டுவாருங்கள் என்று கேட்டிருந்தோம். கொண்டுவந்தவர்களிடம் படிவம் எழுதி வாங்கி, திருவிழா முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். என்னோடு வேலை பார்த்தவள் திவ்யா. திட்ட மேலாளர். என் மூத்த மகளைவிட இளையவள், என்னைவிட இரண்டு மடங்கு வேகம்.

இன்னொருவரையும் சொல்லிவிட வேண்டும். இந்தியக் கடலோரத்திலிருந்து வந்த குடும்பம், மூன்று தலைமுறையாகக் கைலி வியாபாரம். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். தன் அப்பா முதன்முதலில் இங்கே விற்காமல் எடுத்து வைத்துக்கொண்ட ஒரு கட்டம் போட்ட கைலியை எங்களுக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த நாளிலிருந்து தினமும் வந்து அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். "காவலுக்கு ஆள் இருக்காங்க பாய், நீங்க வீட்டுக்குப் போங்க" என்றால், "அவங்க பூட்டத்தான பாப்பாங்க" என்பார்.

துணிகளை வாங்கிக்கொண்ட கடைசி நாளன்று வரிசை மாடிப்படி வரை நின்றது. வசந்தா அம்மா மகனோடு வந்திருந்தார். புக்கிட் மேராவில் வீடு, ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு சதுரப் பிஸ்கட் டின். மகன் பெயர் கதிர். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை, முப்பதைத் தொடும் வயது. அவன் என்றே சொல்கிறேன், கோபித்துக்கொள்ள மாட்டான்.

அந்த அம்மா டின்னை மேசையில் வைத்துவிட்டு, "அண்ணே, இது வந்து..." என்று ஆரம்பித்தார். எனக்குப் பின்னால் போன் அடித்துக்கொண்டிருந்தது. முன்னால் பத்துப் பேர் நின்றார்கள்.

"எல்லாத்தையும் ஃபார்ம்ல எழுதிடுங்கம்மா. எழுதினாப் போதும்" என்றேன்.

அவர் இன்னொரு முறை வாயைத் திறந்தார். நான் பேனாவை நீட்டினேன். அவர் தனியே போய் உட்கார்ந்து ரொம்ப நேரம் எழுதினார். கையெழுத்து மகன் போட வேண்டும் என்றார், இனிமேல் அது அவனுக்குச் சொந்தமாம். கதிர் இடது கையால் பேனாவைப் பிடித்ததும் அம்மா முகத்தைச் சுளித்தார்.

"எத்தன தடவ சொல்றது? நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல பீச்சாங்கையால போடாதடா."

"மா... வொர்க்ல எல்லாம் இதுலதான் மா போடுறேன்."

"போடுவ, போடுவ. சோத்துக்கையில புடி."

அவன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பேனாவை வலது கைக்கு மாற்றி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான். நானும் சிரித்தேன். படிவத்தை வாங்கிக் கோப்பில் சொருகினேன். முன்பக்கம் பார்த்தேன்: கண்டாங்கிச் சேலை, பருத்தி, ஓட்டு நிறம். பின்பக்கம் திருப்பவில்லை.

திறப்பு விழா அன்று காலையில் பேய்மழை. தெருவுக்குக் குறுக்கே கட்டியிருந்த துணித் தோரணங்களை அவிழ்த்து உள்ளே கொண்டுவருவதற்குள் நான் தொப்பலாக நனைந்துவிட்டேன். தோரணம் கட்டியவர்களைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், குடை கொண்டுவந்த திவ்யாவையும் திட்டினேன். மாலை ஏழு மணிக்கு விருந்தினர்கள் வருகிறார்கள். மணி பதினொன்று. மாட்ட வேண்டியவை இன்னும் நிறைய இருந்தன.

பிஸ்கட் டின்னைத் திறந்தேன். சேலை மடித்து வைத்திருந்தது, அதன் நடுவே முஷ்டி அளவுக்குப் பெரிய ஒரு முடிச்சு. இரண்டு முனைகளையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். பருத்திச் சேலையை யாராவது இப்படி மூட்டை கட்டி வைப்பார்களா என்று எரிச்சல்தான் வந்தது. விரித்து நீளமாகத் தொங்கவிட்டால்தான் கண்டாங்கியின் கட்டம் தெரியும், வரைபடத்திலும் அப்படித்தான் போட்டிருந்தேன். எப்போதும் செய்வது போலப் போனில் ஒரு படம் எடுத்துவிட்டு எலும்பு ஊசியை எடுத்தேன்.

நான் தொட்டிலில் வளர்ந்தவன். என் இரண்டு பெண்களும் சேலைத் தொட்டிலில் தூங்கியவர்கள். அந்த முடிச்சைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தெரியவில்லை. முடிச்சைக் கண்டால் அதை எப்படி அவிழ்ப்பது என்று மட்டும் பார்க்கப் பழகியிருந்தேன். அது லேசில் விடவில்லை. அரை மணி நேரம் பிடித்தது. கடைசிச் சுற்று இளகி வந்தபோது, அவ்வளவு அவசரத்திலும், யாராவது பார்க்கிறார்களா என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தது இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

பெயர்ப்பலகைக்கு இரண்டு வரி வேண்டுமே என்று கோப்பை எடுத்துப் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பினேன். வரி பிசகாமல் எழுதியிருந்தார்.

"இது என் மகனின் தொட்டில் சேலை. முடிச்சு அவன் அப்பா போட்டது. மகனுக்கு எட்டு மாதம் இருக்கும்போது அவர் வேலையிடத்தில் விழுந்து இறந்துவிட்டார். நான் முடிச்சை அவிழ்க்கவில்லை. வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலை செய்தேன். எங்கள் புளோக்கில் பதினொரு பிள்ளைகள் இந்தத் தொட்டிலில் தூங்கினார்கள். ஒரு முறைகூட முடிச்சு நழுவவில்லை. தயவுசெய்து முடிச்சோடு வைக்கவும்."

பக்கத்தில் இருந்த மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருடம் ஒரு மனிதரின் கை அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் அதை அரை மணி நேரத்தில் பிரித்துவிட்டேன்.

திவ்யா படிவத்தை வாங்கிப் படித்தாள். அவள் முகமும் வெளுத்துப் போயிற்று. ஆனால் அவள் மேலாளர், கடிகாரத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

"அங்கிள், கண்டிஷன் ஃபோட்டோ எடுத்தீங்கல்ல? அதப் பார்த்து அப்படியே திரும்பக் கட்டிடலாம். நீங்க கட்டினா சேம் மாதிரிதான் இருக்கும். யாருக்குத் தெரியப் போவுது லா?"

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு வலிக்கக் கூடாது என்று நினைத்தாள், என்னையும் காப்பாற்ற நினைத்தாள். நான் மறுத்துப் பேசினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அது பொய். போனை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு கட்ட ஆரம்பித்தேன். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. துணி என் பேச்சைக் கேட்கவில்லை. படத்தில் ஒரு பக்கம்தான் இருந்தது. நான் இழுக்கிற பக்கம் போகாமல் பழைய மடிப்புகள் புடைத்துக்கொண்டு நின்றன.

அதைவிட மோசமானது நிறம். முடிச்சை அவிழ்க்காமலே அந்த அம்மா அந்தச் சேலையை வருடக்கணக்காகத் துவைத்து, ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயப்போட்டிருக்கிறார். வெயில் பட்டுப் பட்டுச் சேலை முழுக்கப் பழைய ஓட்டு நிறமாக வெளுத்துப் போயிருந்தது. முடிச்சுக்குள் இருந்த பகுதியில் மட்டும் வெயில் படவில்லை. அங்கே துண்டு துண்டாக, புதுச் சேலையின் அடர்ந்த அரக்கு அப்படியே இருந்தது. நான் எப்படிக் கட்டினாலும் அந்த அரக்கு எங்காவது ஒரு இடத்தில் வெளியே எட்டிப் பார்த்தது.

மூன்றாவது முறை அவிழ்த்தபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. இதற்கிடையில் எங்களோடு துணி மாட்டிக்கொண்டிருந்த ஒருவர், மடிப்பை நீக்கிவிட்டால் அந்த நிறமே ஒரு வடிவம் போல அழகாக இருக்குமே என்று ஸ்டீமரைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். "கிட்டக் கொண்டுவராதீங்க!" என்று கத்தினேன். மழையில் திட்டியதையும் சேர்த்து அன்றைக்கு எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஆனால் அன்று நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். ஒரு தப்புச் செய்துவிட்டால் அதன் தடயத்தை அழிக்கக் கை பரபரக்கும். அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கத் தெரிய வேண்டும், பிள்ளைகளே. அதற்கு எந்த வகுப்பும் கிடையாது.

வசந்தா அம்மாவுக்குப் போன் செய்தேன். சுற்றி வளைத்துப் பேசினால் சொல்லாமலே விட்டுவிடுவேன் என்று பயம்.

"அம்மா, உங்க சேலையோட முடிச்ச நான் அவுத்துட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ டிவி ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு, "வர்றேன்" என்றார். போனை வைத்துவிட்டார்.

திவ்யா அந்த இடத்தில் வேறொரு சேலையை மாட்டிவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம், காலியாகவே இருக்கட்டும் என்றேன். "ஓப்பனிங்ல கேட்டா என்ன சொல்றது அங்கிள்?" என்றாள். "நான் கெடுத்துட்டேன்னு சொல்லு" என்றேன். அவள் என் கையைப் பிடித்து ஒரு நிமிடம் அழுத்திவிட்டுப் போய் மற்ற வேலையைப் பார்த்தாள்.

மூன்றரை மணிக்கு இருவரும் வந்தார்கள். கதிர் வேலை உடுப்போடு வந்திருந்தான். சேலையை நீளமான மேசையில், மடிப்புக் கலையாமல், கிடந்தபடியே விட்டிருந்தேன். அந்த அம்மா மேசைக்கு ஓரடி தள்ளி நின்றார். நான் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். திரும்பக் கட்டி மறைக்கப் பார்த்ததையும் சொன்னேன்.

"நான் சொல்ல வந்தேன்ல?" என்றார்.

"ஆமாம்மா."

"ரெண்டு தரம் வாயத் தொறந்தேன். ஃபார்ம்ல எழுதுங்கன்னீங்க. எழுதியும் வச்சேன்."

"படிக்கலம்மா. என் தப்புத்தான்."

"எம் புள்ளகூட அத அவுத்ததில்ல. அது அவரு கையி. எனக்கு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான்." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நான் கொஞ்சம் தாங்கியிருப்பேன்.

கதிர் அம்மாவின் தோளைத் தொட்டான். அவர் அதைத் தள்ளிவிட்டு மேசைக்குக் கிட்டே வந்தார். திட்டுவதற்கு இன்னும் ஏதோ இருந்தது, வாய் திறந்தும் விட்டது. அப்போதுதான் அந்த நிறம் அவர் கண்ணில் பட்டது. குனிந்து, முடிச்சுக்குள் இருந்த அந்த அரக்குத் துண்டு ஒன்றின் மேல் விரலை வைத்தார்.

"இந்தக் கலராவா இருந்துச்சு?"

எங்களுக்கு எப்படித் தெரியும்?

"வளைகாப்புக்கு அவரு எடுத்துக் குடுத்தது. இங்கதான், தேக்கா கடையில. எனக்கு மறந்தே போச்சு. எப்பவும் இப்படி வெளுத்துத்தான் இருந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்." சொல்லிக்கொண்டே ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு விரலை நகர்த்திக்கொண்டு போனார். அவர் அழவில்லை, வியந்துபோய்ப் பார்த்தார். கல்யாணமான புதிதில் ஒரு பெண் எப்படி இருந்திருப்பாள் என்பது எனக்கு அந்த முகத்தில் தெரிந்தது. நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பிறகு அவரே முனைகளை எடுத்துக் கட்டிப் பார்த்தார். என்னைப் போலவே அவருக்கும் வரவில்லை. மடிப்பு எதிர்த்துக்கொண்டு நின்றது.

பாய் ஸ்டூலை விட்டு எழுந்து வந்ததை நான் கவனிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு துணிக்கு மேல் குனிந்தார். தொடவில்லை.

"தங்கச்சி, தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்டுக்காரரு எந்தக் கைக்காரரு?"

"எதுக்குப் பாய்?"

"காலமெல்லாம் கைலிக் கட்டு கட்டினவன் நான். நாம சுத்துனா துணி இந்தப் பக்கமாப் போவும். இது அப்படியே எதிர்ப்பக்கமாப் போயிருக்கு. அவரு பழக்கமாவும் இருக்கலாம், நிச்சயமாச் சொல்ல முடியாது. கேட்டேன், அவ்வளவுதான்."

வசந்தா அம்மா கையிலிருந்த முனைகளைக் கீழே விட்டார்.

"பீச்சாங்கைதான்" என்றார். "எழுதுறது மட்டும் சோத்துக்கை. அவங்க வீட்டுல அடிச்சு அடிச்சு மாத்தி விட்டுருந்தாங்க. மத்தபடி ஆணி அடிக்கிறது, காய் நறுக்குறது எல்லாம் அந்தக் கைதான். வெரலு மொழியில தழும்பு இருக்கும், ஸ்கேல் அடி."

கதிர் அம்மாவையே பார்த்தான்.

"நீ எனக்குச் சொன்னதே இல்லையே மா."

"என்னன்னு சொல்லச் சொல்ற? அவரு பட்டத நீயும் பட வேணாம்னுதான் சின்னதுலேருந்து மாத்தப் பாத்தேன். நீ மாறல." அவர் மகனின் இடது கையைப் பார்த்தார். "அப்படியே அவரு கையி. சோறு பெசையும்போதுகூட நான் பாக்க மாட்டேன்."

கதிர் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டான். பிறகு மேசையருகே வந்து, "நான் ட்ரை பண்ணவா மா?" என்றான். அவர் ஒதுங்கி இடம் விட்டார்.

யாரும் சொல்லித் தரவில்லை. என்னாலும் சொல்லித் தந்திருக்க முடியாது. படத்தை நீட்டினேன், அவன் பார்க்கவில்லை. முதல் சுற்று கொஞ்சம் தளர்ந்துவிட்டது. அவிழ்த்து, மறுபடி இடது கையால் மேலே கொண்டுவந்து சுற்றி இழுத்தான். மடிப்பு மடிப்பாகத் துணி அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. நான் இழுத்தபோது புடைத்த இடம் அவனுக்குப் படிந்தது. அரக்குத் துண்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக உள்ளே போயின. இரண்டாவது சுற்றை இறுக்கியபோது கடைசித் துண்டும் மறைந்தது. வெளியே வெளுத்த நிறம் மட்டும் இருந்தது, டின்னில் வந்தபோது இருந்த மாதிரியே.

திவ்யா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பாய் மெல்ல, "சுப்ஹானல்லாஹ்" என்றார். தந்தையின் முகத்தைக்கூடப் பார்த்த நினைவில்லாத ஒரு பிள்ளை. அவன் கைக்கு அந்தத் துணி வழிவிட்டதை நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன். கோடிக்கணக்கான வெள்ளிப் பணத்துக்குக் காப்புறுதி செய்த பட்டையெல்லாம் தொட்டுத் தூக்கியிருக்கிறேன். எதன் முன்னாலும் நான் அப்படி நின்றதில்லை.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நானும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்து, மூச்சு விட்டேன். வசந்தா அம்மா முடிச்சை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவரு போட்டது போனது போனதுதான்ணே. இது எம் புள்ள போட்டது. எழுதுறப்போ அப்படியே எழுதுங்க."

"எழுதுறேம்மா."

"நீங்க அவுத்ததையும் எழுதுங்க."

திவ்யா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். பெயர்ப்பலகையை நானே எழுதினேன்: தந்தை போட்ட முடிச்சு முப்பது ஆண்டுகள் இருந்தது, துணி மாட்டுபவர் படிவத்தைப் படிக்காமல் அதை அவிழ்த்துவிட்டார், மகன் மறுபடியும் போட்டார். அந்த அம்மா படித்துப் பார்த்து, பதினொரு பிள்ளைகளை விட்டுவிட்டேன் என்றார். அதையும் சேர்த்தேன்.

அன்று மாலை திறப்புக்கு வந்தவர்கள் மற்ற எல்லாவற்றையும்விட அந்தத் தொட்டிலின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள். கூரையிலிருந்து ஒரு கொக்கியில் மாட்டியிருந்தோம், ஆட்டிவிடுகிற உயரத்தில். நெடுநெடுவென்று உயரமான ஒரு சீனப் பையன், அலுவலக அட்டை கழுத்தில் தொங்க, "ஆன்ட்டி!" என்று கூப்பிட்டுக்கொண்டே படியேறி வந்தான். பதினொரு பேரில் ஒருவனாம், நாலாவது மாடிப் பிள்ளை. தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, தான் இதற்குள் எப்படி அடங்கினோம் என்று கேட்டுச் சிரித்தான். அந்த அம்மா அவன் கன்னத்தைக் கிள்ளினார். பெயர்ப்பலகையில் துணி மாட்டுபவர் என்று இருப்பது யார் என்று சிலர் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் நான் கையைத் தூக்கினேன். முதல் இரண்டு முறை கஷ்டமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

அதன் பிறகு ஓய்வு பெறும் வரை, துணி கொண்டுவருகிற ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, "இத என்ன செய்யக் கூடாது?" என்று வாயால் கேட்டு, காதால் கேட்டுக்கொண்ட பிறகுதான் படிவத்தை நீட்டுவேன். வரிசை எவ்வளவு நீளமாக நின்றாலும் சரி. எலும்பு ஊசியைத் திவ்யாவிடம் கொடுத்துவிட்டேன். உங்களில் யாருக்கு வேண்டுமானாலும் அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. துணியின் நிலை மாறிவிட்டால் படிவத்தைப் புதிதாக எழுதி, கொடுத்தவரிடம் மறுபடியும் கையெழுத்து வாங்க வேண்டும், உங்களுக்கும் அது தெரியும். முடிச்சு போட்டு முடிந்ததும், தொட்டிலைத் தூக்கி மாட்டுவதற்கு முன்னால், புதுப் படிவத்தைக் கதிரிடம் நீட்டினேன். அவன் இடது கையில் பேனாவை வாங்கினான். வாங்கியதும் பழக்கத்தில் அம்மாவைப் பார்த்தான், பார்த்துவிட்டுப் பேனாவை வலது கைக்கு மாற்றினான்.

வசந்தா அம்மா அவன் கையிலிருந்து பேனாவை எடுத்தார். அவனுடைய இடது கையை விரித்து, அதில் பேனாவை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

"இதுலயே போடு" என்றார்.